நிவாரணப் பட்டியலில் விடுபடுவோர் யார்?

ஓமலூர் வட்டாரத்தில் மழை பொய்த்தால் நிலக்கடலை காய்கிறது. கோடையில் சூறைக்காற்று வீசினால் வாழை சாய்கிறது. அதன்பின் நிவாரணப் பட்டியல் எழுதப்படுகிறது. அதில் ஒருவர் பெயர் ஏறுவது பயிர்ச் சேதத்தை மட்டும் பொறுத்ததன்று.

இதை விளக்கும் ஆய்வு ஒன்று தமிழகக் கடற்கரையிலேயே நடந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமியில் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்ட ஊர்கள் மீண்ட விதத்தை அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச் ஆராய்ந்தார். டோக்கியோ (1923), கோபே (1995) நிலநடுக்கங்களுடனும் நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத்துடனும் (2005) ஒப்பிட்டு 2012-இல் நூலாக வெளியிட்டார். ஊராரின் ஒற்றுமையும், அரசு அலுவலகங்களுடன் அவர்களுக்கு இருந்த தொடர்புமே மீட்சியை விரைவுபடுத்தின என்பது அவர் முடிவு. மீனவர் பஞ்சாயத்து வலுவாக இருந்த ஊர்களுக்கு உதவி விரைந்து வந்தது.

ஆயினும் அதே பஞ்சாயத்து சிலரை ஒதுக்கியும் வைத்தது. அதில் உறுப்பினராக இல்லாத ஆதிதிராவிடர், கணவனை இழந்த பெண்கள் போன்றோரின் பெயர்கள் பல இடங்களில் பட்டியலில் ஏறவில்லை.

உழவுத் தொழிலிலும் இதே குறை உண்டு. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் இழந்தோருக்கு இடுபொருள் மானியம் வழங்க 2015 முதல் விதி உள்ளது. ஆனால் கணக்கெடுப்பவர் முதலில் பார்ப்பது அடங்கல். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரின் பெயர் அதில் இராது. களையெடுக்கும் கூலிப் பெண்ணோ, பயிர் அழிந்தால் வேலையை இழக்கிறார். அவர் பெயர் எந்தப் பயிர்க் கணக்கிலும் இல்லை.

ஆகவே பட்டியலை இடர் வரும் முன்பே ஆயத்தம் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம் இதற்கு ஏற்றது. நிலம் உடையோர், குத்தகைதாரர், கூலியாட்கள் ஆகிய மூவரின் பெயர்களையும் அங்கே உரக்கப் படிக்கலாம். விடுபட்டவரை அங்கேயே சேர்க்கலாம். குத்தகையை எழுதினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நில உடைமையாளர் அஞ்சுவது உண்டு. அந்த அச்சத்தை நீக்குவது வருவாய்த் துறையின் கடமை.

உழவர் மன்றமும், ஏரிப் பாசனச் சங்கமும், மகளிர் குழுவும் தனித்தனியே கூடுவதால் பயன் குறைவு. ஒன்றாகக் கூடினால்தான் எவர் பெயர் விடுபட்டது என்பது தெரியவரும். ஊர் ஒற்றுமை நல்லதே. அது எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் ஒற்றுமையாக இருக்க வேண்டும்.