நாலு ஓட்டைக்கு நாலு ஓட்டை சரியாப் போச்சாம்!

மே மாசம் நெருங்கினா மும்பை, தாணே பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துடும். ரயில் டிக்கெட் கிடைக்காதவங்க காரை ரெடி பண்ணுவாங்க. அதில் சில பேர் பிரேக்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அலாய் வீல் மாட்டக் கிளம்பிடுவாங்க. ஊர்ல போய் இறங்கும்போது மச்சான் பார்க்கணும்ல!

மாட்டுங்க, வேணாம்னு சொல்லலை. என் சண்டை அலாய் வீலோட இல்லை. "லக் ஜாயேகா சாப்" அப்படிங்கிற மூணு வார்த்தையோடதான். குர்லா சி.எஸ்.டி. ரோடு பழைய வீல் குவியல்லேர்ந்து எங்க கோட்பந்தர் ரோடு வரைக்கும் இதே மந்திரம்தான். வண்டியில் நாலு ஸ்டட், வீலில் நாலு ஓட்டை, அப்புறம் என்ன சாப்?

அப்புறம்தாங்க எல்லாமே இருக்கு. அந்த நாலு ஓட்டையோட நடுப்புள்ளிகள் வழியா ஒரு வட்டம் போட்டா, அதோட விட்டம்தான் பி.சி.டி. ஸ்விஃப்ட், ஐ10, ஹோண்டா சிட்டி எல்லாம் 4×100. ஃபோர்டு ஃபிகோ 4×108. ஃபியட் பாலியோ, புன்டோ 4×98. அஞ்சு ஓட்டைக்குப் போனா முதல்ல வந்த இன்னோவா 5×114.3, போலோ 5×100. (114.3 என்னடா அரைகுறை நம்பர்னு யோசிக்காதீங்க, நாலரை இன்ச். ஜிப்ஸியோட 139.7 அஞ்சரை இன்ச்.)

ஃபிகோவுக்கு 100 வீல் உள்ளேயே போகாது, அதனால பெரிய ஆபத்து இல்லை. கடைக்காரர் புது ஓட்டை போட்டுத் தர்றேன்னு சொன்னா மட்டும் ஓடி வந்துடுங்க. கம்பெனியிலேயே ரெண்டு அளவுக்கு எட்டு ஓட்டை போட்டு வர்ற வீல் வேற, பட்டறையில் ட்ரில் அடிக்கிறது வேற.

ஆபத்து கிட்டத்தட்ட சேர்றதில்தான். ஃபியட் விற்பனை நின்னு போனாலும் பழைய புன்டோ இன்னும் ஓடுது. அதுக்கு 100 வீலை வெச்சா போல்ட் உள்ளே போயிடும். 98-க்கும் 100-க்கும் ரெண்டு மில்லிமீட்டர்தானே? ஆனா ஒரு போல்ட்டை முழுசா உட்கார வெச்சா வீல் ஒரு மில்லிமீட்டர் ஒரு பக்கமா நகரும், எதிர்ப்பக்க போல்ட்டுக்கு மொத்த ரெண்டு மில்லிமீட்டரும் இடிக்கும். போல்ட்டோட கூம்பு ஓட்டையில் சுத்தி உட்காராம ஒரு ஓரத்தில் மட்டும் கடிக்கும்.

"நல்லா டைட்டா இருக்கே சார்" அப்படிம்பாங்க. இருக்கும்! வண்டிப் பாரத்தைத் தாங்குறது போல்ட்டோட தண்டு இல்லைங்க. இறுக்கும்போது வீலும் ஹப்பும் ஒண்ணை ஒண்ணு அமுக்கிப் பிடிக்குதே, அந்தப் பிடிப்புதான் தாங்குது. ஓரத்தில் கடிச்ச போல்ட் ஸ்பேனருக்கு டைட்டாத் தெரியும், பிடிப்பு இருக்காது. ஓட ஓடத் தளரும், இல்லை வளைஞ்சு வளைஞ்சு களைச்சுப்போய் முறியும். அது உங்க சொசைட்டி வாசலில் நடக்காது. சத்தாரா தாண்டியோ, ஹூப்ளி பக்கமோ, பின் சீட்டில் குழந்தைங்க தூங்கும்போது நடக்கும்.

எங்க பேங்கில் சாயந்திரம் கேஷ் பத்து ரூபா இடிச்சாலும் கேஷியர் வீட்டுக்குப் போக முடியாது. கணக்கு நம்பரில் ஒரே ஒரு இலக்கம் மாறினா பணம் யாரோ ஒருத்தருக்குப் போயிடும். இதுக்கெல்லாம் கவுண்டரில் நின்னு சண்டை போடற அதே மனுஷன்தான் வீல் கடையில் "கிட்டத்தட்ட சரி"ன்னதும் தலையாட்டிட்டு வர்றார்.

பி.சி.டி. சரியா இருந்தா போதுமா? அதுவும் இல்லை. சிட்டி, ஐ10 ரெண்டும் 4×100. ஆனா நடு ஓட்டை ஐ10-க்கு 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1. ஐ10 வீல் சிட்டி ஹப்பில் ஏறாது. சிட்டி வீல் ஐ10-இல் லொடலொடன்னு ஏறும், வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும். சில நூறு ரூபா ஹப் ரிங் போட்டா தீர்ற விஷயம், ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னு கடையில் யாரும் வாயைத் திறக்கிறதில்லை. நட்டு இன்னும் மோசம். மாருதிக்கு மரை 1.25, ஹூண்டாய்க்கு 1.5. ரெண்டு சுத்துக்கு மேல போகாததை ஏர் கன் வெச்சு ஏத்தினா மரை போச்சு. ஹோண்டா கம்பெனி வீலுக்கு நட்டோட அடி உருண்டையா இருக்கும், வெளியில வாங்கற அலாய் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே போட்டு அனுப்பறவங்க நிறைய.

ஸ்டெப்னியை மறந்துடாதீங்க. நாலு வீலும் புதுசு, டிக்கியில் கிடக்கிறது கம்பெனி இரும்பு வீல். ராத்திரி கம்பாட்கி காட்டில் பஞ்சர் ஆனா, அதுக்கான பழைய நட்டு நாலும் கையில் இருக்கணும். கடையிலேயே விட்டுட்டு வந்துடாதீங்க.

"எத்தனையோ பேர் இப்படித்தான் ஓட்டறாங்க, ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு வாதம் இருக்கு. ஹெல்மெட் போடாதவங்களும் இதைத்தான் சொல்றாங்க. ஜெர்மனியில் வெளிவீல் மாட்டணும்னா, அது எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும்னு அங்கீகாரத் தாள் வேணும், இல்லைன்னா சோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் வாங்கணும். நம்ம மத்திய அரசு 2020-இல் வீல் ரிம்முக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக்காகத் தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டது. நல்லதுதான். ஆனா முத்திரை அந்த வீலோட தரத்தைச் சொல்லும், உங்க வண்டிக்குச் சேருமான்னு சொல்லாது.

அதை நாமதான் கேட்கணும். நாலு ஓட்டைன்னா எதிரெதிர் நடுவை அளந்தா பி.சி.டி. வந்துடும். அஞ்சு ஓட்டைக்கு நேர் எதிர் கிடையாது, பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளோட நடுவை அளந்து 1.7-ஆல பெருக்குங்க. டேப்பில் 98-ஐயும் 100-ஐயும் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம், அதனால வீலுக்குப் பின்னாடி அச்சாகியிருக்கிற எண்ணையும் தேடுங்க. மாட்டின பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்கச் சொல்லுங்க.

முக்கியமா, பில்லில் உங்க வண்டி மாடல், பி.சி.டி., நடு ஓட்டை அளவு, நட்டு வகை நாலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. "லக் ஜாயேகா"ன்னவர் எழுதித் தரமாட்டேன்னா, பணத்தை எடுக்காம அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.