ஓரிரவு விருந்தினர்

காஞ்சியை அடுத்த ஓரிக்கைக்கு ஒரு கதை உண்டு. கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தினானாம். திருமழிசையாழ்வார் உடன் கிளம்பினாராம். அவர் அழைக்க, பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாராம்! ஓரிரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை', அதுவே ஓரிக்கையாயிற்றாம்.

பாய் சுருட்டிய பரந்தாமனை நாம் கண்டதில்லை, தோழர்களே! பாய் சுருட்டும் பன்னாட்டு முதலாளியைக் காண்கிறோம். கூலி சற்றே உயரட்டும், சங்கம் தலைதூக்கட்டும், மறுநாள் அவர் வேறொரு நாட்டில்! இந்த ஓரிரவு விருந்தினர்தாம் 'நிலைத்த வளர்ச்சி' பேசுகின்றனர். 2015-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் வகுத்த 17 குறிக்கோள்களில் இறுதியானது கூட்டாண்மை. நல்ல சொல்தான். யாரோடு கூட்டு? கேட்டால், பளபளக்கும் ஆண்டறிக்கையை நீட்டுகின்றனர்!

2013 ஏப்ரல் 24-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். முதல்நாளே சுவர் வெடித்திருந்தது. ஆயினும் வேலைக்கு அழைத்தனர். அங்கிருந்த ஆலைகளுள் சில தணிக்கை செய்யப்பட்டவையே! அதன் பின்னரே, தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. பிணம் விழாமல் பேனா அசையாதா?

நம் திண்டுக்கல்லிலும் அதே கதை. 2021 சனவரியில் ஆடை ஆலைத் தொழிலாளப் பெண்ணொருத்தி கொலையுண்டாள். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாது போராடியது. 2022 ஏப்ரலில் அச்சங்கத்தோடு ஈஸ்ட்மேன் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது; எச் அண்ட் எம் கையொப்பமிட்டது; கேப், பி.வி.எச். பின்னர்ச் சேர்ந்தன. ஆலைக்குள் பாலியல் கொடுமையையும் சாதிக் கொடுமையையும் கண்காணிக்கத் தொழிலாளப் பெண்களே பயிற்சி பெற்றனர். ஆலை மீறினால் கொள்முதலைக் குறைக்க வாங்குவோர் ஒப்பினர். இதற்குப் பெயர் கூட்டு! கருணையன்று, கையெழுத்து.

காஞ்சிக்கு வருவோம். 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவரைப் பற்றி எழுதிய அறிக்கையில் நம் ஊரும் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, மறைப்பதற்கில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் விரல் ஈடு! புவிசார் குறியீடு பட்டின் பெயரைக் காக்கும். நெய்தவன் கூலியைக் காக்குமா?

காஞ்சிப் பட்டைக் கடல் கடந்து விற்போரே, எங்கள் கூட்டுறவுச் சங்கங்களோடு பல்லாண்டு ஒப்பந்தம் எழுதுங்கள். கூலி எவ்வளவு என்று அதிலேயே குறியுங்கள். சாயக் கழிவைத் தூய்மையாக்கும் செலவில் உங்கள் பங்கு எவ்வளவென்றும் குறியுங்கள். கீழே நெசவாளன் கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.