வேக வரம்பை மீறும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் புரூனோ நகரில், 2025 செப்டம்பரில், தடைசெய்யப்பட்ட இடத்தில் யூ திருப்பம் எடுத்த ஒரு காரைக் காவலர்கள் மறித்தனர். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. அது வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார். அபராதச் சீட்டை யார் பெயரில் எழுதுவது என்று சட்டத்தில் வழியில்லாததால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காரைப் போகவிட்டனர். அதே தவறை வாடகைக் கார் ஓட்டும் தொழிலாளி செய்திருந்தால் அவரது ஒருநாள் வருமானம் அங்கேயே போயிருக்கும்.

இது வேடிக்கைச் செய்தியாகவே உலகெங்கும் பரவியது. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று பத்தாண்டுகளுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது: இத்தகைய கார்கள் வேக வரம்பை மீற அனுமதிக்கப்பட வேண்டுமா? தங்கள் சோதனைக் கார்கள் வரம்பைவிட மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வரை கூடுதலாகச் செல்லும்படி நிரல் எழுதப்பட்டிருப்பதாக 2014இலேயே கூகுள் திட்டத்தின் பொறியாளர் வெளிப்படையாகக் கூறினார். 2018இல் பிரிட்டனின் சட்ட ஆணையங்கள் இதே கேள்வியைப் பொதுமக்கள் கருத்துக்கு முன்வைத்தன. 2023 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் 3,62,000க்கும் மேற்பட்ட கார்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. வேக வரம்பு மாறும் இடங்களில் அந்த மென்பொருள் போதிய அளவு செயல்படவில்லை என்பதும் அதற்கான காரணங்களில் ஒன்று.

நிறுவனங்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சாலையில் எல்லோரும் 70இல் போகும்போது ஒரு கார் மட்டும் 60இல் ஊர்ந்தால் பின்னால் வருபவர்கள் முந்த முயல்வார்கள், அதுவே விபத்துக்கு வழிவகுக்கும் என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இதே வாதத்தை நெடுஞ்சாலையில் பிடிபட்ட ஒரு லாரி ஓட்டுநர் முன்வைத்தால் எந்தக் காவலரும் காது கொடுப்பதில்லை. மேலும், ஆயிரக்கணக்கான கார்களைச் சாலையில் இறக்கும் நிறுவனம் போக்குவரத்தின் வேகத்துக்குப் பணிந்து போகும் தனியாள் அல்ல. அந்தக் கார்களே போக்குவரத்தாக மாறுகின்றன. அவை வரம்புக்குள் ஓடினால் பின்னால் வருபவையும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

இயந்திரம் மனிதனைவிட விரைவாகப் பிரேக் பிடிக்கும் என்பது அடுத்த வாதம். பிரேக் மிதிக்கும் முன் கழியும் கணநேரத்தை அது மிச்சப்படுத்தலாம். மிதித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரத்தை எந்த நிரலும் குறைத்துவிடாது. அந்தத் தூரம் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது: வேகம் 20 விழுக்காடு உயர்ந்தால் தூரம் 44 விழுக்காடு உயரும். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 விழுக்காடு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71 விழுக்காட்டினரின் சாவுக்கு மிகை வேகமே காரணம் என்பது ஒன்றிய அரசின் சொந்தக் கணக்கு. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் கார்களில் சென்றவர்கள் அல்லர். இருசக்கர வாகனங்களில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களுமே.

இந்த மக்களை இயந்திரம் எப்படிப் பார்க்கிறது? 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. கார் வேக வரம்புக்குள்தான் சென்றது. ஆனால் கடவைக்கு வெளியே ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அந்த அமைப்பின் வடிவமைப்பில் கணக்கில் கொள்ளப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. நிறுவனத்தின் மீது குற்றவழக்குத் தொடர அடிப்படை இல்லை என்றது அரசுத் தரப்பு. தண்டனை பெற்றவர், காரைக் கண்காணிக்க அமர்த்தப்பட்டிருந்த ஊழியர்.

ஆக, இது பொறியியல் கேள்வி மட்டுமல்ல. மனிதர் வரம்பை மீறும்போது அது ஒரு கணத்தின் தவறாகவோ அவசரமாகவோ இருக்கலாம். நிரல் மீறும்போது அது ஒரு நிர்வாக முடிவு; குளிரூட்டப்பட்ட அறையில், முன்கூட்டியே, இலாபநட்டம் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே அறியும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு, வரம்பை மீறி ஓட்டுபவரை மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் குற்றவாளியாக்குகிறது. வரம்பை மீறாமல் முடிக்க இயலாத கால அட்டவணையை வெளியிடுவதும், குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர உத்தரவிடுவதும் அந்தக் குற்றத்துக்கு முதல்நோக்குச் சான்று என்கிறது. பத்து நிமிடத்தில் பொருளை வாசலில் சேர்க்கச் சொல்லும் செயலிகளின் காலத்தில் இப்பிரிவு எத்தனை கூர்மையான ஆயுதமாக இருக்க வேண்டும்! நடைமுறையில் அபராதச் சீட்டு போவது வண்டியில் இருக்கும் தொழிலாளியின் கைக்குத்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)ஆவது பிரிவு, விபத்து நடந்த இடத்திலிருந்து தகவல் தராமல் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுவதும் வண்டிகளை நிறுத்திப் போராடிய பின்னரே அது நிறுத்திவைக்கப்பட்டது.

ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவுக்குள் விடப்போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் கூறினார். வேலையிழப்பைக் காரணம் காட்டினார். அமைச்சரின் வாய்மொழி சட்டமாகாது. ஓட்டுநருக்கு உதவி என்ற பெயரில் வேகத்தையும் பிரேக்கையும் தானே கையாளும் கார்கள் இங்கே ஏற்கெனவே விற்பனையில் உள்ளன. முழுமையானவை வரும்போது விதிகளை எழுதும் மேசையில் நிறுவனங்கள் அமர்ந்திருக்கும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923இல், கார்கள் 25 மைலுக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தக் கோரி 42,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கார் வணிகத்தினர் கடும் பிரச்சாரம் செய்து, வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தனர். இந்தியாவில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அத்தகைய கருவியைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சொந்தக் கார்களுக்கு விலக்கு. ஓட்டுநரில்லாக் காருக்குத் தனிக் கருவியே தேவையில்லை, நிரலில் சில வரிகள் போதும். எங்கேனும் வேக வரம்பு பொருத்தமற்றதாக இருந்தால், அதை அரசு வெளிப்படையாக மாற்றலாம். நிறுவனம் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது. விதிகளின் வரைவு வெளிவரும் நாளில் போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் முதலில் தேட வேண்டிய வரி, 183ஆவது பிரிவில் ‘ஓட்டுபவர்’ என்ற சொல் காரை இயக்கும் நிறுவனத்தையும் அதன் இயக்குநர்களையும் குறிக்கிறதா என்பதே.