கொல்லிப்பாவையும் ஒரு செயற்கை உலகமும்

காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் கொல்லிமலைப் பாவை அழகு குலையாது நிற்கும் என்கிறது நற்றிணை. பூதம் அமைத்தது என்று அதே தொகை பிறிதோரிடத்தில் கூறும் பாவை அது. படைத்த பொருளுக்கு நேரக்கூடிய சோதனைகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறது சங்கக் கவிமனம். அறிவியல் புனைகதையிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதையே.

லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' (1970) நாவலில் வருவது, ஒரு சூரியனைச் சுற்றிப் பட்டைபோல் வளைத்துக் கட்டப்பட்ட உலகம். அங்கே சூரியன் உதிப்பதில்லை, சாய்வதில்லை; எப்போதும் உச்சியிலேயே நிற்கிறது. உள்வட்டத்தில் சுழலும் 20 மறைப்புத் தட்டுகளில் ஒன்று குறுக்கே வந்தால் இரவு. வளையத்தின் எஞ்சிய பகுதி வானில் பெரும் வில்லாகத் தெரியும். விசித்திரந்தான், ஆயினும் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு.

ஆனால் ஒன்றை நிவன் கவனிக்கவில்லை. திடவளையம் சற்றே விலகினால் சூரியனின் ஈர்ப்பு அதை மீண்டும் சமநிலைக்குக் கொண்டுவராது. மேலும் இழுத்து மோதவிடும். சனியின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்கவியலாது என்று 1859இல் மேக்ஸ்வெல் காட்டியதும் இக்கணக்கையொட்டித்தான். 1971இல் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் மாணவர்கள் இக்குறையைக் கோஷமாகவே எழுப்பினர். பின்னர் வந்த அடுத்த நாவலில், வளையத்தை நிலைநிறுத்தும் உந்துபொறிகளைச் சேர்த்தார் நிவன்.

நம் கதைகளில் வேற்றுலகம் என்றால் வானில் இரண்டு நிலவுகளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவை எப்போது எழும், அங்கே கடல் எவ்வாறு பொங்கும் என்று வாசகராகிய நாமும் கேட்பதில்லை. இனியாவது கேட்போம்.