வருவாயா, நோயா?

தம்பி! கிளியனூர்க் கழனியிலே உழைத்துச் சேர்த்த பணத்தைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டப் போகிறாய், தடுக்கமாட்டேன். ஒன்று கேள்! 2009இலே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக்காக அரசே கட்டணம் செலுத்திற்று. ‘உன் வருவாய் என்ன?’ என்று கேட்டது அரசு. ‘உன் நோய் என்ன?’ என்று கேட்கிறது தனியார் நிறுவனம்!

நீரிழிவை மறைத்தெழுதச் சொல்லும் முகவரும் உண்டு, இணங்காதே! இன்று மறைத்த நோய், நாளை உன் கோரிக்கையை மறுத்திடக் காரணமாகும். உள்ளதை எழுது. 2024 விதிப்படி, முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 3 ஆண்டுக்கு மேல் இல்லை.

அந்த 3 ஆண்டுக்குள் நோய் முற்றினால்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைதான் கதவு திறக்கும்! ஆகவே, தம்பி, பத்திரத்தைப் பணங்கொடுத்து வாங்கு; அரசு மருத்துவமனையை உரிமையென்று காத்திடு!