செக்கு மாடா, சிறகுள்ள பாடமா?



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, நட்பின் பெருமை, பிரியாவிடைக் கண்ணீர் எல்லாம் இருக்கும். இருக்கட்டும். இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் இரண்டு கம்பிகளைப் பற்றி எழுத இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். புரட்டிவிட்டுப் போகாமல் கொஞ்சம் படியுங்கள்.

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவினர் நம் மைதானத்தில் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்க விட்டது நினைவிருக்கிறதா? நடுவில் ஒருவர் கைப்பிடியோடு நின்றார். அவர் கையிலிருந்து போன இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் மறுமுனையில் விமானம் சீறிக்கொண்டு சுற்றியது. ஆமணக்கு எண்ணெய் கருகிய வாசம் மைதானம் முழுக்க. பக்கத்தில் நின்ற நண்பன், "டேய், செக்கு மாடு மாதிரி சுத்துதுடா. இதுல என்ன இருக்குது?" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை!

இதற்குப் பெயர் கண்ட்ரோல் லைன். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், மற்றது தளரும். விமானத்துக்குள் இருக்கும் பெல் கிராங்க் என்ற சிறு தகடு திரும்பும். அது ஒரு தள்ளுகம்பியை நகர்த்தும். வாலில் உள்ள எலிவேட்டர் மேலோ கீழோ அசையும். அவ்வளவுதான். ஃபிட்டிங் ஷாப்பில் அலுமினியத் தகட்டை அறுத்து, அரம் போட்டு, நான்கு துளையிட்டால் பெல் கிராங்க் தயார்.

இதை 1940களில் அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் ஜிம் வாக்கர். 'ஃபயர்பால்' என்ற விமானத்தை விற்றார், காப்புரிமையும் வாங்கினார். ஆனால் 1955-ல் வழக்கு வந்தபோது, ஒபா செயின்ட் கிளேர் என்பவர் 1930களிலேயே இதே முறையில் பறக்கவிட்டது தெரியவந்தது. வாக்கரின் உரிமை நிற்கவில்லை. கண்டுபிடிப்பு பெரிய கம்பெனியில்தான் பிறக்கும் என்று யார் சொன்னது?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஊர் ஏற்காடு மலையில் வெள்ளக்கடை. எங்கள் மலையில் சமதளம் என்பது தங்கம் மாதிரி. கிரிக்கெட் ஆடினால் பந்து காப்பித் தோட்டத்துக்குள் உருண்டுவிடும். ரிமோட் விமானம் விட்டால் சவுக்கு மரத்தின் உச்சியில்தான் போய்த் தேட வேண்டும்! ஆனால் கம்பி விமானத்துக்கு ஒரு வட்டம் போதுமே. காப்பி காயவைக்கும் சிமெண்ட் களம் ஒன்று சீசன் முடிந்து சும்மா கிடந்தது. அனுமதி வாங்கி, மின்கம்பி அருகில் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டோம். (எஃகுக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். இதில் விளையாட்டே கூடாது.) பேட்டரி மோட்டார் வைத்த சிறிய விமானத்தோடு நானும் இரண்டு நண்பர்களும் இறங்கினோம்.

எஃகுக் கம்பிக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு வாங்கியது என் புத்திசாலித்தனம். பத்து மீட்டர் நீளம். முதல் சுற்றில் நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் கையைச் சாய்த்தேன், விமானம் கேட்கவில்லை. இன்னும் சாய்த்தேன். திடீரென்று கேட்டது! மூக்கு களத்தில் மோதி நாலு துண்டு. என்ன நடந்தது? ஒரே பருமன் உள்ள எஃகோடு ஒப்பிட்டால் நைலான் பல பத்து மடங்கு நீளும். என் கையசைவை நரம்பே தின்றுவிட்டது. யங் மாடுலஸை இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நான். அது என்னவென்று தெரிந்தது அந்தக் களத்தில்தான். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "படிச்சது நூல்ல வரலியாப்பா?" என்றார். அவர் சொன்னது எந்த நூல் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை!

இன்னொரு பாடமும் உண்டு. கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தி 100 என்றால், சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் அது ஏறக்குறைய 86தான். இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, புரொப்பெல்லருக்கும் குறைவு. கீழே சேலத்தில் துள்ளிய விமானம் மேலே சோம்பேறியாகிவிடும். இதை எந்தப் புத்தகமும் இவ்வளவு சுலபமாக எனக்குச் சொல்லவில்லை.

சரி, போட்டி என்று வந்தால்? இதில் ஸ்கேல் பிரிவு என்று ஒன்று உண்டு. உலக விமான விளையாட்டுச் சம்மேளனம் இதை எஃப்4பி என்று குறிக்கிறது. உண்மையான ஒரு விமானத்தை அளவு மாறாமல் சிறிதாக்கிச் செய்ய வேண்டும். முதலில் தரையில் வைத்து நடுவர்கள் பார்ப்பார்கள். மூன்று பக்க வரைபடம், புகைப்படம், நிறத்துக்கு ஆதாரம் எல்லாம் கொடுக்க வேண்டும். ஆதாரம் இல்லையா, மார்க் இல்லை! பிறகு பறக்க விட வேண்டும். அசல் விமானம் போலவே எழும்பி, பறந்து, இறங்க வேண்டும். அழகாகச் செய்தவன் பறக்கவிடத் தெரியாமல் தோற்பான், பறக்கவிடத் தெரிந்தவன் அளவு தப்பித் தோற்பான். டிராயிங் ஹாலும் ஒர்க்‌ஷாப்பும் மைதானமும் ஒன்று சேரும் போட்டி வேறு எது இருக்கிறது?

மாதிரிக்கு எதை எடுப்பது? எல்லோரும் ஸ்பிட்ஃபயர், முஸ்டாங் என்று ஓடுவார்கள். நாம் எச்.டி.-2 எடுப்போம். வி.எம். காட்கே தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 1951-ல் பறந்த நம் நாட்டுப் பயிற்சி விமானம் அது. கானா நாட்டுக்கும் போனது. சக்கரம் மடங்காது, இறக்கை எளிமையானது. நம் கைக்கு அடங்கும்.

கணக்குப் பாருங்கள். அசலின் இறக்கை நீளம் 10.72 மீட்டர். பத்தில் ஒரு பங்கில் 107 செ.மீ. அசலின் எடை சுமார் 1016 கிலோ. நீளம் பத்தில் ஒன்றானால் கன அளவும் எடையும் ஆயிரத்தில் ஒன்று, அதாவது ஒரு கிலோ. 18 மீட்டர் கம்பியில் வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் சுற்றினால் கையை இழுக்கும் விசை 18 நியூட்டன், சுமார் 1.8 கிலோ. ஒரு சுற்றுக்கு 6.28 வினாடி. விசையைக் கணக்கிட்டுக் கம்பியைத் தேர்ந்தெடுத்து, பறக்கும் முன் இழுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். இது செக்கு மாட்டு வேலையா, நண்பா?

"இது ட்ரோன் காலம், கம்பியைக் கட்டிக்கிட்டு அழறியே" என்பீர்கள். ட்ரோனுக்கு நான் எதிரி அல்ல. அதில் வேலைவாய்ப்பு இருக்கிறது. ஆனால் ரெடிமேட் ட்ரோனைச் சமநிலையில் வைத்திருப்பது அதற்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர். ஒருவன் குச்சியை ஆட்டுகிறான், முப்பது பேர் செல்ஃபி எடுக்கிறோம். உடைந்தால் பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். கம்பி விமானம் உடைந்தால் நாமேதான் ஒட்ட வேண்டும். ஏன் உடைந்தது என்று நாமேதான் யோசிக்கவும் வேண்டும். டிப்ளமோக்காரனின் மதிப்பே அந்த 'ஏன்'-ல்தானே இருக்கிறது?

தேசிய மாணவர் படையின் அகில இந்திய வாயு சைனிக் முகாமில் கண்ட்ரோல் லைன் போட்டி நடக்கிறது. படையில் இடம் கிடைத்த சிலருக்கு அந்த வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்கு? இங்கேதான் நம் மாணவர் பேரவையிடம் என் கோரிக்கை. ஆண்டு விழாவில் ஒரு மாலை இன்னிசைக் கச்சேரிக்குச் செலவிடுகிறோம். கச்சேரி வேண்டாம் என்று சொல்லி அடி வாங்க நான் தயாரில்லை! அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். துறைக்கு ஒரு அணி, ஒரே விமானம், ஒரே அளவு. மெக்கானிக்கல் பெல் கிராங்க் செய்யட்டும், எலக்ட்ரிக்கல் மோட்டாரைப் பார்க்கட்டும், சிவில்காரர்கள் வட்டம் அளந்து போடட்டும்.

செக்கு மாடும் சும்மா சுற்றுவதில்லை, நண்பர்களே. அது சுற்றினால்தான் எண்ணெய் வரும். நாமும் ஒருமுறை சுற்றிப் பார்ப்போமே!

— வெள்ளக்கடை மாணவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்