கம்ப்யூட்டர் பொய் சொல்லுகிறதா?

பகலில் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் வாழும் தமிழ் இளைஞர்கள் பலரின் அன்றாட வாழ்க்கை இன்று இப்படித்தான் இருக்கிறது. கடையில் பில் போடுகிறவர், கம்பெனியில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவர், ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறவர் எல்லோரும், "புரோகிராம் எழுதத் தெரிந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம்" என்று நம்பிச் சேருகிறார்கள்.

நல்ல நம்பிக்கைதான். ஆனால், பலருக்கு முதல் மாதத்திலேயே ஒரு சோதனை வந்துவிடுகிறது. எழுதியது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். விடை மட்டும் தப்பாக வரும். திரும்பத் திரும்பப் பார்த்தாலும் காரணம் புரியாது. "மிஷின் கெட்டுவிட்டது" என்பார் ஒருவர். "நமக்கெல்லாம் இது வராது" என்று வகுப்பையே விட்டுவிடுவார் இன்னொருவர்.

இரண்டும் சரி அல்ல. மிஷின் கெடவும் இல்லை. படிப்பவருக்கு அறிவுக் குறைவும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கியவர்கள் ஒரு விதி வைத்து இருக்கிறார்கள். அந்த விதியைப் படிப்பவருக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பத்தும் இருபதும் எவ்வளவு?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12-ம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது படிப்பது "பைத்தான்" என்ற மொழி. இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும்படி அதில் ஒரு சிறு புரோகிராம் எழுதுகிறார் ஒரு மாணவர். 10 என்று தட்டுகிறார். அடுத்து 20 என்று தட்டுகிறார். 30 வர வேண்டும். வருவதோ 1020!

கீபோர்டில் தட்டுவது எதுவாக இருந்தாலும் பைத்தான் அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால், "ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துவிடு" என்று அர்த்தம். ரெயிலில் 10-ம் நம்பர் பெட்டியையும் 20-ம் நம்பர் பெட்டியையும் கொக்கி போட்டு இணைத்தால் 30-ம் நம்பர் பெட்டி கிடைக்குமா? இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். அதுபோலத்தான் இதுவும்.

"இவை எழுத்து அல்ல, எண்" என்று புரோகிராமில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் போதும். 30 வந்துவிடும்.

அணாவும் நயா பைசாவும்

அடுத்தது இன்னும் அதிகமாகக் குழப்புவது.

10 பைசாவும் 20 பைசாவும் சேர்ந்தால் 30 பைசா. ரூபாயில் எழுதினால் 0.1, 0.2, 0.3. இதைக் கூட்டச் சொன்னால் பைத்தான் தரும் விடை 0.30000000000000004. "இந்தக் கூட்டுத்தொகை 0.3-க்குச் சமமா?" என்று கேட்டால், "இல்லை" என்கிறது. ஜாவா ஸ்கிரிப்ட் போன்ற மற்ற மொழிகளிலும் இதே கதைதான்.

ஒரு ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போட்டுப் பாருங்கள். 0.3333 என்று முடிவே இல்லாமல் போகும். எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால், மூன்று பங்கையும் சேர்த்தாலும் முழு ரூபாய் வராது. 99 பைசாதான் வரும்.

நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறவர்கள். கம்ப்யூட்டர் இரண்டு இரண்டாக எண்ணுவது. நமக்கு மூன்றில் ஒன்று எப்படியோ, அப்படி அதற்குப் பத்தில் ஒன்று. முடிவில்லாமல் ஓடும். அது 53 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த முறை 1985-ல் "ஐ.இ.இ.இ. 754" என்ற பெயரில் பொது விதியாக வெளியிடப்பட்டது. அதனால்தான் பல மொழிகளிலும் ஒரே மாதிரி விடை வருகிறது.

1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. எட்டணா பாதி, நாலணா அதில் பாதி, இரண்டணா அதிலும் பாதி. தமிழ்க் கணக்கிலும் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகவே இறங்கி வருவோம். இந்தப் பின்னங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு இம்மி பிசகாமல் விளங்கும். அரையையும் காலையும் கூட்டச் சொன்னால் சுத்தமாக முக்கால் என்று சொல்லும். நூறில் ஒன்றான நயா பைசாவும், இருபதில் ஒன்றான "மா"வும்தான் அதற்கு உதைக்கின்றன!

பரிகாரம் சுலபம். பணக் கணக்கை ரூபாயில் வைக்காமல் முழுப் பைசாவாக வைத்துக் கூட்டினால் ஒரு பிசகும் வராது. பைத்தானில் "டெசிமல்" என்ற தனி ஏற்பாடும் இருக்கிறது. அது நம்மைப்போலப் பத்துப் பத்தாகவே கணக்குப் போடும்.

அரை மேலே போகுமா, கீழே போகுமா?

2.5-ஐ முழு எண்ணாக்கு என்றால் பள்ளிக்கூடத்தில் 3 என்போம். பைத்தான் 2 என்கிறது. 3.5-ஐக் கொடுத்தால் 4 என்கிறது. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

சரிபாதியாக வந்தால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போ என்பது விதி. பாதியை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருந்தால், ஆயிரம் கணக்கைக் கூட்டும்போது மொத்தம் ஊதிப்போய்விடும். பாதித் தடவை மேலே, பாதித் தடவை கீழே என்றால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

ஒரே பக்கமாகத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டில் ஒரு சாட்சி உண்டு. வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 புள்ளி என்று ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை கணக்குப் போடும்போதும் மூன்று தசம இலக்கத்துக்கு அப்பால் இருந்ததைக் கம்ப்யூட்டர் வெட்டி எறிந்துகொண்டே வந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 3 ஆயிரம் தடவை இப்படி நடந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524-க்கு இறங்கி இருந்தது. சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது 1098 என்று வந்தது. சந்தை ஏறி இருந்தது. கணக்கு இறங்கி இருந்தது!

12 ரூபாய் எங்கே போனது?

இதெல்லாம் படிக்கிறவர்கள் பாடு, நமக்கு என்ன என்று தொழிலாளத் தோழர்கள் நினைக்க வேண்டாம். சம்பளக் கணக்கும் இப்போது கம்ப்யூட்டரில்தான் போடப்படுகிறது.

"சி" மொழியில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்றுதான் வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணே, மிச்சம் விடப்படும். இது அந்த மொழியின் விதி. பைத்தானும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2008-ல் வந்த பைத்தான் 3-ல் இதை மாற்றி 3.5 வரும்படி செய்தார்கள். முழு எண் மட்டும் வேண்டும் என்றால் அதற்கு வேறு குறி போட வேண்டும். ஆக, விதி என்பது ஆகாயத்தில் இருந்து விழுந்தது அல்ல. மனிதர்கள் வைத்தது, மனிதர்கள் மாற்றியது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய், மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி 538 ரூபாய் 46 பைசா. மிச்சத்தை விட்டுவிடும் முறையில் எழுதிய புரோகிராம் இதை 538 ரூபாய் என்று வைத்துக்கொள்ளும். பிறகு 26-ஆல் பெருக்கும். வருவது 13,988 ரூபாய். ஒரு நாள்கூட லீவு போடாதவருக்கு 12 ரூபாய் குறைகிறது.

பன்னிரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். 200 பேர் வேலை செய்யும் இடத்தில் மாதம் 2,400 ரூபாய். ஆண்டுக்கு 28,800 ரூபாய். முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்து இருந்தால் இந்தக் குறை வந்தே இருக்காது.

விதி என்பது சாக்கு அல்ல

இதுவரை மிஷினுக்காக வாதாடினேன். அதற்காக, "விதிப்படிதான் நடந்தது, யாரும் பொறுப்பு இல்லை" என்று சொல்லிவிட முடியாது. மிஷின் மேல் குற்றம் இல்லை என்றால், விதியைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தியவர் மேல் குற்றம் இருக்கிறது.

1991 வளைகுடாப் போரின்போது சவுதி அரேபியாவில் தஹ்ரான் என்ற இடத்தில் அமெரிக்கப் படை பேட்ரியாட் ஏவுகணைகளை வைத்து இருந்தது. அதன் கம்ப்யூட்டர் பத்தில் ஒரு வினாடி என்ற கணக்கில் நேரத்தை எண்ணியது. நாம் மேலே பார்த்த அதே பத்தில் ஒன்று! ஒவ்வொரு தடவையும் இம்மியளவு பிசகு. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு வினாடியாக வளர்ந்துவிட்டது. பிப்ரவரி 25-ந் தேதி ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வந்தபோது, கம்ப்யூட்டர் அதை வானத்தில் தப்பான இடத்தில் தேடியது. தடுக்க முடியவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய புரோகிராம் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது.

பத்தில் ஒன்று கம்ப்யூட்டரில் முழுமையாக அடங்காது என்பது அன்றைக்கே எல்லா நிபுணர்களுக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விதியைக் கணக்கில் எடுக்காததால்தான் அந்த உயிர்கள் போயின.

ஆகவே, மூன்று தரப்பாருக்கு மூன்று வார்த்தை.

வகுப்பு நடத்துகிறவர்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் முதல் வாரத்திலேயே கூட்டிக் காட்டிவிட வேண்டும். தப்புப்போல் தெரியும் விடைகளை மாணவனுக்கு முன்னதாகவே காட்டி, காரணத்தையும் சொல்லிவிட்டால், அவன் மிரண்டு ஓட மாட்டான். கட்டணம் வாங்கிக்கொண்டு, "அது அப்படித்தான் வரும், எழுதிக்கொள்" என்பது கற்பித்தல் ஆகாது.

படிக்கிற தம்பி, தங்கைகள் விடை பிசகினால் உடனே தங்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டாம். "இது எண்ணா, எழுத்தா? முழு எண்ணா, தசமமா? மிச்சத்தை யார் வெட்டினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பெரிய என்ஜினீயர்களும் இந்த இடத்தில் முழித்தவர்கள்தான்.

சம்பளச் சீட்டு வாங்குகிற தோழர்கள், வீட்டில் ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தால் மரியாதையாகக் கேளுங்கள். "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது" என்று பதில் வந்தால், அத்தோடு திரும்பிவிடாதீர்கள். "எந்த விதிப்படி வருகிறது? அந்த விதியை வைத்தது யார்?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லுவது இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறது. சொல்லிக் கொடுத்தவர் ஒரு மனிதர். பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.